பரிவுக்கும் பிரிவுக்கும் ஒரு சுழி

அச்சகத்தில் அவரைப் புள்ளியார் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது; வாக்காளர் அட்டையைத் தவிர வேறெங்கும் அது புழக்கத்தில் இல்லை. ஏதாவது மெய்யெழுத்தின் தலையில் புள்ளி விழாமல் போயிருந்தால், தாளைக் கைநீட்டும் தூரத்தில் பிடித்தபடியே கண்டுபிடித்துவிடுவார். இருபத்தாறு வருடமாகப் புரூஃப் பார்க்கிறவர். பிழையால் பிழைப்பவன் என்று தன்னைப் பற்றித் தானே சொல்லித் தானே சிரித்துக்கொள்வார். கூட யாரும் சிரிக்க மாட்டார்கள், ஏனென்றால் அதை அவர் வாரம் ஒருமுறை சொல்வார்.

அந்த அச்சகம் பழைய இலக்கியங்களை மறுபதிப்புப் போடும் இடம். காப்பியம், நாவல், நாடகம் என்று ஏறக்குறைய முந்நூறு புத்தகங்கள் புள்ளியாரின் சிவப்புப் பேனாவின் கீழே நடந்து போயிருக்கின்றன. கல்யாண வீட்டில் யாராவது அவர் தொழிலைக் கேட்டுவிட்டு, அடேயப்பா, அத்தனையும் படித்திருக்கிறீர்களா என்று வாயைப் பிளந்தால் மனிதர் அடக்கமாகத் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டல் முழுப் பொய். முந்நூறில் ஒன்றைக்கூட அவர் படித்தது கிடையாது.

காரணம் அவருடைய தொழில்முறை. ஒரு வரியை முதலிலிருந்து படித்தால் அர்த்தம் வந்து கண்ணை மறைக்கும், கதை இழுத்துக்கொண்டு ஓடும், பிழை தப்பிவிடும் என்பது அவர் கொள்கை. அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் கடைசி வார்த்தையிலிருந்து முதல் வார்த்தைக்குப் பின்னோக்கிப் பார்ப்பார். எத்தனையோ ராஜாக்கள் அவர் கண்ணெதிரே முதலில் செத்து, அப்புறம் போருக்குப் போய், கடைசியில் பிறந்திருக்கிறார்கள். அதெல்லாம் அவர் கவனத்துக்கு வந்ததே இல்லை. ராஜாவின் 'ஜா'வுக்குக் கால் இருக்கிறதா என்பதோடு அவர் அக்கறை முடிந்துவிடும்.

தொழிலைத் தொழிலிடத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் யாருக்கும் கேடில்லை. அவர் வீட்டுக்கும் கொண்டுவந்தார். மளிகைச் சீட்டில் மனைவி 'பறுப்பு' என்று எழுதினால் ற-வைச் சுழித்து ஓரத்தில் ர போட்டுத் தருவார். கடைக்காரனுக்கு அந்தச் சிவப்புக் குறிகள் புரியாமல் ஒருமுறை பருப்பே வரவில்லை. மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள், தினமும் நூறு மூக்குகளைச் சமாளிக்கிறவள். இவரையும் அப்படியே சமாளித்தாள். சமாளிக்காமல் போனவள் அக்கா ஒருத்திதான்.

அக்கா என்றால் அவருடைய கூடப்பிறந்த அக்கா. ஒரே அக்கா. நகரத்தின் மறுகோடியில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். சத்தமான பெண்மணி, எதையும் காதால் கேட்டபடி எழுதுகிறவள். ன, ண, ந மூன்றும் அவளுக்கு ஒன்றுதான். கைக்கு எது முதலில் வருகிறதோ அதைப் போடுவாள். மூன்று வருடத்துக்கு முன்னால் புள்ளியாருக்குக் கண்ணில் அறுவைச் சிகிச்சை நடந்தது. கட்டுப் பிரித்து, இனிமேல் படிக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே அக்காவிடமிருந்து நான்கு பக்கக் கடிதம் வந்து சேர்ந்தது.

பத்து நாள் பட்டினி கிடந்தவன் முன்னால் இலை போட்ட மாதிரி ஆகிவிட்டது. மனிதர் பேனாவை எடுத்தார். கையெழுத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போய், 'அன்புள்ள தம்பிக்கு' வரை வந்து சேர்ந்தபோது அறுபத்து மூன்று பிழைகள் தேறியிருந்தன. புதுக்கண் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று பூரித்துப் போனார். திருத்திய கடிதத்தைப் புது உறையில் போட்டு அக்காவுக்கே திருப்பி அனுப்பினார். கிண்டலாக அனுப்பவில்லை. ஒத்தாசை என்றே நினைத்து அனுப்பினார். அதுதான் கொடுமை.

போதாக்குறைக்கு, கடைசி வரியில் அக்கா 'இறுக்கட்டுமா' என்று எழுதியிருந்தாள். புரூஃப் பார்ப்பவர்கள் சந்தேகம் வந்தால் ஓரத்தில் கேள்வி எழுதுவது வழக்கம். புள்ளியார் றகரத்தை ரகரமாக்கி, விட்டுப்போன கேள்விக்குறியையும் போட்டுவிட்டு, ஓரத்தில் 'யாரை?' என்று எழுதினார். அந்த நகைச்சுவையை அச்சகத்தில் ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு எல்லாரும் சிரித்தார்கள்.

அக்காவிடமிருந்து பதில் வரவில்லை. போன் செய்தால் அத்தான் எடுத்தார். அக்கா குளிக்கிறாள் என்றார். மறுநாளும் குளித்தாள். அடுத்த வாரமும், கொட்டும் மழைக்காலத்திலும், வெயிலிலும், மூன்று வருடமாக அக்கா குளித்துக்கொண்டே இருந்தாள். புள்ளியாருக்கும் ரோஷம் வந்தது. தப்பைத் தப்பென்று சொன்னால் கோபமா, நல்லதுக்குக் காலமில்லை என்று மனைவியிடம் புலம்பினார். மனைவி, அந்தக் கடிதத்தில் என்னதான் எழுதியிருந்தாங்க என்று கேட்டாள். அறுபத்து மூன்று பிழை என்றார். அதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை, சொல்லத் தெரியவில்லை என்பதும் அப்போது உறைக்கவில்லை.

இப்படியிருக்கும்போதுதான் அச்சகத்துக்கு அந்தப் பழைய நாவல் வந்தது. எழுநூறு பக்கம். எல்லாரும் அதைத் தலையணை என்றே குறிப்பிட்டார்கள். நூறு வருடத்துக்கு முந்தைய புத்தகம் என்பதால் முதலாளி இரண்டு பழைய பதிப்புகளைத் தேடிப் பிடித்துக் கொடுத்திருந்தார். புள்ளியார் வழக்கம்போல் எழுநூறாம் பக்கத்திலிருந்து இறங்கி வந்து நானூற்றுப் பன்னிரண்டில் முட்டிக்கொண்டு நின்றார்.

முதல் பதிப்பில், 'அக்காளின் பரிவை அவனால் தாங்க முடியவில்லை' என்று இருந்தது. இரண்டாம் பதிப்பில், 'அக்காளின் பிரிவை அவனால் தாங்க முடியவில்லை' என்று இருந்தது. ஒரே ஒரு சுழிதான் வித்தியாசம். இலக்கணப்படி இரண்டும் சரி. முன்னால் இருந்து பார்த்தாலும் சரி, பின்னால் இருந்து பார்த்தாலும் சரி. முதலாளியிடம் போனார். அவர் தலையைச் சொறிந்துவிட்டு, எதையாவது ஒன்றைப் போடுங்கள், செத்துப்போன எழுத்தாளர் எழுந்துவந்தா கேட்கப்போகிறார் என்றார். இருபத்தாறு வருடத்தில் எதையாவது ஒன்றைப் போட்டுப் பழக்கமில்லாத புள்ளியார் இரண்டு பதிப்புகளையும் அள்ளிக்கொண்டு தன் மேசைக்குத் திரும்பினார்.

அவன் பாசம் தாங்காமல் தவித்தானா, பாசம் இல்லாமல் தவித்தானா என்று கண்டுபிடிக்க ஒரே வழிதான் இருந்தது. மனிதர் வேறு வழியில்லாமல், முதல் பக்கத்தைத் திறந்து, முதல் வார்த்தையிலிருந்து இரண்டாம் வார்த்தைக்குப் போனார்.

ரிவர்ஸிலேயே ஓடிய வண்டியை முன்னால் ஓட்டினால் எப்படி இருக்கும்? முதல் இரண்டு நாள் திணறினார். யார் யாருக்கு என்ன உறவு என்று அட்டவணை போட்டார். மூன்றாம் நாள் அட்டவணையை மறந்தார். நான்காம் நாள் மதியச் சாப்பாட்டை மறந்தார். எழுத்து கோக்கும் பெண் வந்து, புள்ளியார் பார்த்து முடித்த பக்கங்களில் பதினொரு பிழை தப்பியிருப்பதாகச் சொன்னபோது அச்சகமே கதிகலங்கியது. முதலாளி நாற்காலியை விட்டு எழுந்து வந்து, மறுபடியும் கண்ணில் ஏதாவது கோளாறா என்று விசாரித்தார். புள்ளியார் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கதையில் தம்பிக்குக் காய்ச்சல் வந்திருந்தது.

கதை பெரிய கம்பசூத்திரம் ஒன்றுமில்லை. பெரிய வீடு, அதில் ஓர் அக்கா, அவளுக்கு ஒரு தம்பி. தம்பி மெத்தப் படித்தவன். அக்கா அவன் போகுமிடமெல்லாம் போர்வையும் கஷாயமுமாகப் பின்னாலேயே வருகிறாள். அவன் பேசும் உயர்ந்த விஷயம் எதுவும் அவளுக்குப் புரியாது. அவன் இருமினால் மட்டும் புரியும். நண்பர்கள் எதிரில் அவளுடைய பேச்சை அவன் சொல் சொல்லாகப் பிய்த்துக் கேலி செய்கிறான். கடைசியில் நிம்மதி வேண்டும் என்று சொல்லாமல் கொள்ளாமல் வேறு ஊருக்குப் போய்விடுகிறான். அவள் கடிதம் போட்டுக்கொண்டே இருக்கிறாள். அவன் உறையைக்கூடப் பிரிப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் வைத்துப் படித்துக்கொண்டிருந்த புள்ளியார் இந்த இடத்தில் புத்தகத்தைத் தொடையில் அறைந்தார். மடையன், ஒரு கடிதத்தைப் பிரித்துப் படித்தால் குடியா முழுகிப்போகும், கல்நெஞ்சக்காரன், படித்த முட்டாள் என்று அவனை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தார். அடுப்படியிலிருந்து கரண்டியோடு மனைவி எட்டிப் பார்த்தாள்.

"யாரைத் திட்டறீங்க?"

"இந்தத் தம்பிக்காரனைத்தான். அவ எழுதறா எழுதறா, இவன் படிக்கவே மாட்டேங்கறான்."

"அவனைத் திட்ட உங்களுக்கு என்ன யோக்கியதை இருக்கு?" என்றாள் மனைவி. "அவன் பிரிக்காம படிக்கல. நீங்க பிரிச்சும் படிக்கல."

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குத் திரும்பிப் போய்விட்டாள். புள்ளியார் ஏதாவது எதிர்வாதம் கிடைக்குமா என்று துழாவிப் பார்த்தார். அக்கா எழுதிய நான்கு பக்கத்தில் ஒரு வாக்கியமாவது நினைவுக்கு வந்தால் போதும், மனைவியின் வாயை அடைத்துவிடலாம். ஒன்றும் வரவில்லை. கடிதமோ கையில் இல்லை, திருத்தி அனுப்பியாகிவிட்டது. அக்கா தனக்கு என்ன எழுதினாள் என்பது தனக்கே தெரியாது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. உறைத்த வேகத்தில் உட்கார முடியவில்லை.

ஆனால் பிழைகள் இருந்தன. ருசியான பிழைகளை ஒரு நோட்டில் எழுதி வைப்பது அவர் பழக்கம். அலமாரியைக் குடைந்து மூன்று வருடத்துக்கு முந்தைய நோட்டை எடுத்தார். 'அக்கா கடிதம், 63' என்ற தலைப்பில் அத்தனையும் வரிசையாக இருந்தன. மேலிருந்து படித்தார், தலைகால் புரியவில்லை. மனைவி கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நீங்கள் பின்னாலிருந்துதானே பார்த்திருப்பீர்கள், அப்படியென்றால் கீழிருந்து மேலே படியுங்கள் என்றாள். கண்ணாடிக்கடைக்காரிக்கு எது நேர், எது தலைகீழ் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

அக்கா எழுதியதில் சரியாக இருந்த வார்த்தைகளெல்லாம் போய்விட்டன. தப்பானவை மட்டுமே மிஞ்சியிருந்தன. அதை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் அக்காவைத் தேடினார்கள். முதல் பக்கத்தில் ஒரு 'தூக்கமே வறல'வும், இரண்டு 'டாக்டறு'ம் கிடைத்தன. கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது புள்ளியார் விரலை வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னார், மனைவி திருப்பிச் சொன்னாள். கன். வேளைக்கு. தணியா. பக்கத்துள. பத்து நால். இறுக்கட்டுமா.

மனைவிதான் முதலில் கோத்தாள். "கண்ணு... நான் வேலைக்குப் போயிட்டா நீங்க தனியா இருப்பீங்கன்னு எழுதியிருக்காங்க. தான் வந்து ஒரு பத்து நாள் பக்கத்துல இருக்கட்டுமான்னு கேட்டிருக்காங்க."

புள்ளியார் அந்தக் கடைசி வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குக் கேள்விக்குறி போட்டதே அவர்தான். கேள்வி என்று தெரிந்து குறி போட்டவர், பதில் போடவில்லை. பதிலுக்குப் பதிலாக 'யாரை?' என்று எழுதி, அதைச் சொல்லி ஒரு மாதம் சிரித்திருந்தார். ஐம்பத்து மூன்று வயதில், பட்டப்பகலில், மனைவி எதிரில், குலுங்கிக் குலுங்கி அழுதார். மனைவி தட்டிக் கொடுத்தாள். தேறுதலாக ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் தப்பு அவர் பேரில்தான்.

மீதிக் கதையையும் அன்றிரவே படித்து முடித்துவிட்டு, மறுநாள் முதலாளியிடம் போய், நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் பரிவுதான் சரி என்றார். பரிவு தாங்காமல்தான் அவன் வீட்டை விட்டுப் போகிறான், பிரிவு தாங்க முடியாமல் போவது அதற்கு இருநூறு பக்கம் தள்ளி, இரண்டாம் பதிப்புக்காரன் அவசரப்பட்டுவிட்டான் என்று கரகரத்த குரலில் விளக்கினார். ஒரு சுழிக்கு ஒன்பது நாளா என்றார் முதலாளி. புள்ளியார் லீவு கேட்டார். இருபத்தாறு வருடத்தில் அவர் தானாக லீவு கேட்டது அதுதான் முதல் தடவை என்பதால் முதலாளி பயந்துபோய் இரண்டு நாள் கொடுத்தார்.

முதலில் கடிதமாக எழுதித்தான் பார்த்தார். ஏழெட்டுத் தடவை எழுதினார். பிழையே இல்லாமல் வந்தது. மனைவி வாங்கிப் படித்துவிட்டு, தண்ணீர் இரண்டு நாள் வராது என்று குழாய் ஆபீஸ்காரர்கள் ஒட்டும் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது, பேசாமல் பஸ் ஏறுங்கள் என்றாள்.

டிரைவிங் ஸ்கூல் ஒரு சின்ன அறை. சுவர் முழுக்கச் சாலைக் குறிகள். அத்தான் மேசையில் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தார். மச்சானைப் பார்த்ததும் பேந்தப் பேந்த விழித்தார். பழக்கதோஷத்தில் வாய் தானாகத் திறந்து, அக்கா குளிக்கிறா என்றது. வாசலில் நின்ற காரிலிருந்து அக்கா, கண்ணாடியை இறக்கிவிட்டு, இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டில ஏறு," என்றாள் புள்ளியாரிடம். "எனக்குப் பாடம் இருக்கு."

அவர் பின்சீட்டில் ஏறினார். ஸ்டியரிங்கில் ஒரு தையல்காரர் உட்கார்ந்திருந்தார். அன்று அவருக்கு மூன்றாம் பாடம், அதற்குள்ளேயே சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அக்கா அவருக்குப் பக்கத்துச் சீட்டில் இருந்தாள். அவள் காலடியில் தனியாக ஒரு பிரேக். வண்டி குலுங்கிக் கிளம்பியது. தையல்காரர் கியரை மாற்றத் திணறியபோது அக்கா ஒன்றும் சொல்லாமல் அவர் கைமேல் கை வைத்துத் தள்ளிக் கொடுத்தாள். தெருமுனையில் அவர் பிரேக்கை மறந்தபோது அவளே காலால் மெதுவாக அழுத்தினாள். அடுத்த தடவை ஞாபகம் வந்துடும் என்றாள். தையல்காரர் நன்றியோடு மூச்சு விட்டார்.

"பாத்தியாடா?" என்றாள் அக்கா, திரும்பாமலேயே. "தப்பு பண்றவங்களுக்குப் பக்கத்துல உக்காந்து சொல்லித் தரணும். செவப்புல சுழிச்சுத் தபால்ல அனுப்பக் கூடாது."

புள்ளியார் ஆமாம் என்றார். அது வெளியே கேட்கவில்லை.

"தப்பைக் காமிச்சேன்னு எனக்குக் கோவம் இல்ல. எனக்கு எழுத வராதுன்னு எனக்கே தெரியும். நான் பைய மடிச்சு வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், வான்னு ஒரு வார்த்தை வரும்னு. லெட்டரும் வந்துச்சு. பிரிச்சா என் லெட்டர். யாரைன்னு கேட்டிருக்க." அவள் குரல் லேசாக இறங்கியது. "யாரைன்னு நான் என்னத்தைச் சொல்றது?"

தையல்காரர் கண்ணைச் சாலையிலும் காதைப் பின்சீட்டிலும் வைத்துக்கொண்டு ஓட்டினார். வண்டி ஒரு சைக்கிளுக்கு வழிவிட்டு, ஒரு குப்பைத்தொட்டிக்கும் வழிவிட்டது.

படிக்கவே இல்லக்கா என்றார் புள்ளியார். திருத்தினேனே தவிரப் படிக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமைதான் படித்தேன், அதுவும் தப்புகளை மட்டும்தான் என்று உளறிக்கொட்டினார். ஒரு நாவலைப் பற்றியும், போர்வையைப் பற்றியும், ஒரு சுழியைப் பற்றியும் சொன்னார். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் அட்டவணையே போட்டிருப்பார். அக்காவுக்கு அதில் பாதி புரியவில்லை. ஆனால் நடுவில் அவர் இருமியதும் சட்டென்று கண்ணாடி வழியாகப் பின்சீட்டைப் பார்த்தாள்.

"எதுக்குடா வந்த, அதைச் சொல்லு."

"கேட்டதுக்குப் பதில் சொல்ல வந்தேன்."

"சொல்லு."

புள்ளியார் பஸ்ஸில் வரும்போது நாலைந்து வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. வந்தது ஒரே வார்த்தை.

"இருக்கா."

"என்ன இருக்கா?"

"கேள்வி இல்லக்கா, இது பதில். வந்து பத்து நாள் எங்ககூட இரு." அவர் மூச்சு வாங்கினார். "இரு, அக்கா."

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அதை நடுவுல எடம் விட்டுச் சொல்றதுக்கு என்னடா?" என்றாள். "இத்தனை வருஷமா அதுதான உன் வேலை."

கார் நடுச்சாலையில் நின்றிருந்தது. பின்னால் வரிசையாக ஹாரன் அடித்தார்கள். தையல்காரர் வெலவெலத்துப்போய்க் கிளட்சைப் பார்த்தார், கியரைப் பார்த்தார், நான் ஒண்ணும் பண்ணலையே மேடம், வண்டி ஏன் நகர மாட்டேங்குது என்று கேட்டார். அவர் பேரில் ஒரு தப்பும் இல்லை. அக்கா தன் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்லை.